கஞ்சா பற்றிக் கேட்க கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சாப் புகை சிகரெட்டைவிட வேகமாக நுரையீரலைக் கெடுக்கும் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கு மறுப்பாக, "சித்தர்கள் சொன்ன மூலிகை, நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது" என்று ஒரு வாசகர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். இரண்டு பேரும் துளிச் சந்தேகம் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. இத்தனைக்கும் சென்னையில் ஓர் அரசு நெஞ்சக மருத்துவமனையில், நுரையீரல் செயல்திறன் பரிசோதனை அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளிகளுக்கு நான் "ஊதுற டெஸ்ட் அக்கா". மருத்துவமனையின் பெயர் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

அந்தப் பரிசோதனை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் ஒரு கிளிப். வாயில் அட்டைக் குழல். நிமிர்ந்து உட்கார்ந்து, முடிந்த மட்டும் மூச்சை இழுத்து, ஒரே வேகத்தில் ஊதித் தள்ள வேண்டும். "ஊது ஊது ஊது ஊது, விடாதே, இன்னும் இருக்கு, ஊது!" என்று நான் கத்துவது பக்கத்து எக்ஸ்ரே அறை வரைக்கும் கேட்கும். குறைந்தது ஆறு நொடி ஊதினால்தான் கணக்கு. மூன்று தடவை ஒழுங்காக வர வேண்டும். பிறகு சால்பியூட்டமால் மருந்தை நான்கு முறை உறிஞ்சவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வோம். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்பதை ஸ்பைரோமீட்டர் சொல்லும். மருந்துக்குப் பிறகும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வருடக்கணக்கில் பீடி குடித்தவரின் மூச்சு வரைகோட்டைத் திரையில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். இறங்குகிற இடத்தில் துணி உலர்த்தும் கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து கிடக்கும்.

கஞ்சா ஆட்கள் அப்படி இல்லை. காசிமேட்டிலிருந்து வருகிற விசைப்படகுத் தொழிலாளி, புளியந்தோப்பு ஆட்டோக்காரர், பெயின்டர், சில நாள் கல்லூரிப் பையன்கள். காலையில் எழுந்தால் சளி, நாள் முழுக்க இருமல், படுத்தால் வீஸிங். அதற்காகத்தான் வருகிறார்கள். ஊதச் சொன்னால் சிலர் எதிர்பார்த்ததைவிட நிறையவே ஊதிவிடுவார்கள். "பாத்தியாக்கா, நுரையீரல் கிங்கு மாதிரி இருக்கு, பீடிதான் கெடுதல், இது மூலிகை" என்று ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டு, உடனே ஐந்து நிமிடம் நிறுத்தாமல் இருமினார். எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை. எனக்கு இது வெகுநாள் புதிராகவே இருந்தது.

எங்கள் துறையின் வாராந்தரக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டதும், பின்னாளில் இளம் டாக்டர்கள் வாட்ஸப்பில் அனுப்பிய ஆய்வுக் கட்டுரைகளும்தான் அந்தப் புதிரைக் கொஞ்சம் அவிழ்த்தன. உங்கள் கட்டுரை எடுத்துக்காட்டியது 2022-இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வந்த சி.டி. ஸ்கேன் ஆய்வு. கஞ்சா புகைத்த 56 பேரில் 75 சதவீதத்தினருக்குக் காற்றுப் பைகள் சிதைந்த எம்பிசீமா இருந்தது, புகையிலை மட்டும் குடித்த 33 பேரில் 67 சதவீதத்தினருக்கு இருந்தது என்பது அதன் கணக்கு. ஆனால் அந்த 56 பேரில் பலர் சிகரெட்டும் குடிப்பவர்கள். எந்தப் புகை எந்தப் பையைக் கிழித்தது என்று ஒரு நாள் எடுத்த படத்தை வைத்து எப்படிச் சொல்வது? அதற்கு, ஒரே ஆளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து போக வேண்டும்.

அப்படிப் பின்தொடர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பர்மிங்காம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லாண்ட் ஆகிய நான்கு நகரங்களில் 5,115 இளைஞர்களை 1985-இலிருந்து இருபது வருடம் ஊதவைத்துப் பார்த்தார்கள். முடிவு 2012 ஜனவரியில் வந்தது. சிகரெட் கூடக் கூட மூச்சின் அளவு நேராகக் குறைந்துகொண்டே போனது. கஞ்சாவில் அப்படி இல்லை. கொஞ்சமாகப் புகைத்தவர்களுக்கு அளவு இம்மி கூடவே செய்திருந்தது! தினம் ஒன்று வீதம் ஏழு வருடம் புகைத்தால் எவ்வளவு ஆகுமோ அதுவரை சரிவு தெரியவில்லை. மாதத்துக்கு இருபது தடவைக்கு மேல் போனவர்களிடம் கோடு கீழே வளைவது போலத் தெரிந்தது. ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை, காரணம் அந்த ஆய்வில் கஞ்சா புகைத்தவர்களில் பெரும்பாலோர் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் புகைத்தவர்கள். மூலிகைக் கட்சி வாசகர் இந்த ஆய்வைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். காசிமேட்டுக்காரரின் கணக்கு ஒரு வாரத்திலேயே அதைத் தாண்டிவிடுமே.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை விடாமல் பார்த்துவருகிறார்கள். அவர்களில் கஞ்சா புகைத்தவர்களுக்கு நுரையீரலின் கொள்ளளவு கூடுதல், அதே சமயம் மூச்சுக்குழாயில் காற்று போய்வரத் தடையும் கூடுதல். என் அறையில் நான் பார்த்த புதிரே அதுதான். 45 வயதில் மறுபடி பார்த்தபோது நுரையீரல் அளவுக்கு மீறி உப்பியிருந்தது, காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன் குறைந்திருந்தது. நிறைய ஊதுகிறார் என்பதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதிலிருந்து தெரிகிறது. புகையிலை குடிப்பவர்களிடம் தெரிகிற சேதமும் இதுவும் ஒரே மாதிரி இல்லை. சாதாரண ஸ்பைரோமீட்டரில் இது முழுதாகப் பிடிபடாது. வாயு கடப்பதை அளக்கத் தனிக் கருவி வேண்டும்.

இதே ஆய்விலிருந்து 2015-இல் இன்னொன்றும் வந்தது. நோயாளிகளிடம் இன்றே சொல்ல வேண்டியது அது: கஞ்சாவை விட்டவர்களுக்கு இருமலும் சளியும் வீஸிங்கும் குறைந்துபோயின.

ஏன் இருமல் வருகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் டொனால்ட் டாஷ்கின் என்ற டாக்டரின் குழு 1988-இலேயே அளந்து பார்த்துவிட்டது. ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஒரு கஞ்சா சுருட்டில் உள்ளே போகிற தார் மூன்று மடங்கு, ரத்தத்தில் ஏறுகிற கார்பன் மோனாக்சைடு ஐந்து மடங்கு. இலை பொல்லாதது என்பதால் அல்ல, குடிக்கும் விதத்தால். வடிகட்டி கிடையாது. ஆழமாக இழுக்கிறார்கள். இழுத்ததை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். மூச்சை அடக்கி உட்கார்வதில் இவர்களை யோகா மாஸ்டர்கள்கூட ஜெயிக்க முடியாது. "அடிச்சா இளைப்பு குறையுதுக்கா" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரத்துக்கு விரிக்கும், இதுவும் 1973 வாக்கில் டாஷ்கின் காட்டியதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஆஸ்துமாவுக்கென்றே கஞ்சா சிகரெட் விற்றிருக்கிறார்கள். விரிந்த குழாயில் தார் போய்ப் படிகிறது, அவ்வளவுதான்.

புற்றுநோய் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டாஷ்கினும் கூட்டாளிகளும் 2006-இல் நுரையீரல் புற்றுநோயாளிகள் 611 பேரை வைத்துப் பார்த்து, புகையிலைக் கணக்கைக் கழித்த பிறகு தொடர்பு எதுவும் இல்லை என்றார்கள். நியூசிலாந்தில் 2008-இல் 79 நோயாளிகளை வைத்து, தினம் ஒன்று வீதம் புகைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஆபத்து 8 சதவீதம் ஏறுகிறது என்றார்கள். ஸ்வீடனில் 1969-70-இல் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 49,321 இளைஞர்களை 40 வருடம் கழித்துத் தேடிப் பார்த்ததில், அந்த வயதிலேயே ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா அடித்திருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பதினெட்டு இருபது வயதில் ஒரே ஒரு முறை கேட்டதோடு சரி. அதன் பிறகு விட்டானா, கூட்டினானா என்று யாரும் கேட்கவில்லை.

இவற்றில் பல, கஞ்சாவுக்காகத் தொடங்கியவை அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வு இதய நோய்க்காக. டுனெடின் ஆய்வு குழந்தை வளர்ச்சிக்காக. ஸ்வீடனில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் யாரோ ஒரு புண்ணியவான் படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வியைச் சேர்த்து வைத்திருந்தார். பல வருடம் கழித்து விடை கிடைத்தது அந்தக் கேள்வியால்தான்.

எங்கள் கேஸ் ஷீட்டில் என்ன இருந்தது? பீடி, சிகரெட்: ஆம், இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம். குடிப்பழக்கம். விறகு அடுப்பு. கஞ்சாவுக்குக் கட்டமே கிடையாது. ஆள் சொன்னால் நான் ரிப்போர்ட் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக 'க' என்று போட்டுவைப்பேன். சில டாக்டர்களுக்குப் புரியும். சிலர் அதை நோயாளியின் இனிஷியல் என்று நினைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த ஓரமும் போய்விட்டது.

வெளிநாட்டு விடைகளை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது. நம் ஊரில் சுத்தக் கஞ்சா குடிப்பவர்கள் குறைவு. சிகரெட்டைப் பிதுக்கிப் புகையிலையைக் கையில் உதிர்த்து, பொட்டலத்தில் இருப்பதைக் கலந்து திரும்ப அடைக்கிறார்கள். பீடி ஆட்கள் பீடியைப் பிரித்துக் கலக்கிறார்கள். வயதானவர்கள் சிலும்பியில். ஆகவே எதைக் கேட்டாலும் புகையிலையைக் கழிக்க முடியாது, கழிக்கவும் கூடாது. நம் கேள்வியே கலவையைப் பற்றியதாக இருக்க வேண்டும். அடுத்தது காசநோய். உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். என்னிடம் ஊத வந்தவர்களில் பலருக்கு நெஞ்சில் ஏற்கனவே பழைய டி.பி. தழும்பு இருக்கும். தழும்பு விழுந்த நுரையீரலில் இந்தப் புகை என்ன செய்யும்? டுனெடினில் போய்க் கேட்டால் எப்படித் தெரியும்? இது போதாதென்று, ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே சுருட்டைச் சுற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 2004-இல் மூடிய காருக்குள் சேர்ந்து கஞ்சா புகைத்த கூட்டத்தில் காசநோய் பரவியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வியாசர்பாடியில் காரெல்லாம் வேண்டாம், மாடிப்படிக்கட்டு போதும்.

எத்தனை பேர் என்று கேட்டால், மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் எடுத்து 2019-இல் வெளிவந்த கணக்கெடுப்பில், முந்தைய ஒரு வருடத்தில் கஞ்சா அல்லது சரஸ் (கஞ்சாப் பிசின்) பயன்படுத்தியவர்கள் சுமார் 1.3 கோடி. பாங்கு சாப்பிடுபவர்கள் தனி, அவர்கள் கூடுதல். (இலையைத் தின்றால் சட்டத்தில் இல்லை, பூவைப் புகைத்தால் குற்றம். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் கணக்கு அப்படி.) 1.3 கோடிப் பேரின் நுரையீரலைப் பற்றிய கேள்வியை நம் படிவம் கேட்காமலே இருக்கிறது.

ஆனால் இந்த மண்ணில் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். 1893-94-இல் ஆங்கிலேய அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் கமிஷன் மதராஸ் மாகாணம் உட்பட ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்தது. அளவோடு பயன்படுத்தினால் பெரிய தீங்கில்லை என்றது. ஆனால் நெடுங்காலம் புகைத்தால் கரித்துகள் நுரையீரலில் படிந்து, மூச்சுக்குழாய் எரிச்சலுற்று, சளி பெருகி, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி வரும் என்பதையும் எழுதிவைத்தது. ஸ்பைரோமீட்டரும் எக்ஸ்ரேயும் இல்லாமல், கேட்டுக் கேட்டே கண்டுபிடித்தது அது.

கஞ்சா புகைப்பவர்களை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வைச் செய்ய இந்தியாவில் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வுக்கென ஒரு மையம் வந்தது. இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். டி.பி. என்றால் சானடோரியத்தில் படுக்கவைத்து, முட்டை பால் கொடுத்து, நல்ல காற்று வாங்கவைக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். இந்த ஊரின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பி, பாதிப் பேரை ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் வைத்தே மருந்து கொடுத்து, இரண்டு தரப்பும் ஒரே மாதிரி குணமாகிறார்கள் என்று 1959-இல் காட்டினார்கள். கூடவே இருந்த குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதையும் வருடக்கணக்கில் பார்த்தார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த மதராஸ் ஆய்வு ஒரு முக்கியக் காரணம். வீடு வீடாகப் போய், மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்துவந்த ஹெல்த் விசிட்டர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

அதன் பிறகும் இந்த ஊர் நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடரும் பழக்கத்தை விடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மனச்சிதைவு நோய் முதன்முதலாக வந்த 90 பேரை எடுத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். 2001-இல் தொடங்கிய சர்க்கரை நோய் ஆய்வில் சென்னையில் மட்டும் 26,001 பேரைச் சேர்த்தார்கள். வீடு மாறிப் போனவரை ரேஷன் கடையில் விசாரித்துக் கண்டுபிடிக்கிற ஆட்கள் நம்மிடம் உண்டு. தாம்பரத்திலும் ஓட்டேரியிலும் சேத்துப்பட்டிலும் நெஞ்சக மருத்துவமனைகள் இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டாம்.

இடிக்கிற இடம் ஒன்றே ஒன்று. கஞ்சா அடித்தேன் என்று சொன்னால் அது குற்ற ஒப்புதல். போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "ஆபரேஷன் கஞ்சா வேட்டை" என்று தினம் செய்தி வந்த ஊரில், அரசு மருத்துவமனைப் படிவத்தில் யார் உண்மையைச் சொல்வார்கள்? சிகிச்சைக்குத் தானாக முன்வருபவருக்கு விலக்கு தரும் 64ஏ பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. ஓ.பி. வரிசையில் நிற்பவருக்கு அது தெரியாது, பல சமயம் வாசலில் நிற்கும் காவலருக்கும் தெரியாது. ஆய்வு என்று தொடங்கினால், அந்தத் தாளை எந்த ஸ்டேஷனும் கேட்க முடியாது என்று சுகாதாரத் துறையும் காவல் துறையும் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். பெயருக்குப் பதில் எண் போட வேண்டும். இவை இல்லாமல் தொடங்கினால் எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்றுதான் நிரம்பும். அப்புறம் அதை வைத்துக்கொண்டு சென்னையில் கஞ்சாவே இல்லை என்று ஒரு மந்திரி சட்டசபையில் அறிவிப்பார்.

கேட்கும் விதமும் முக்கியம். மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்கக் கூடாது. டோக்கனைக் காட்டி மருந்து வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டுத்தான் நான் பேச்சையே எடுப்பேன். "கஞ்சா அடிப்பீங்களா?" என்றால் பதில் நிச்சயமாக "சேச்சே". "கஞ்சா எப்பலேர்ந்து? பீடியில போட்டா, சிகரெட்லயா?" என்றால் பாதிப் பேர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். மூன்று தடவை ஊதி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது, பொய் சொல்லத் தெம்பு இருக்காது. எந்த வயதில் ஆரம்பித்தார், வாரத்துக்கு எத்தனை நாள், எதோடு கலந்து, தனியாகவா கூட்டத்திலா, முன்னால் டி.பி. வந்ததா, நிறுத்தியிருந்தால் எப்போது? இவ்வளவுதான் கேள்வி. இதையே அடுத்த வருடமும் கேட்க வேண்டும், அதற்கடுத்த வருடமும். ஸ்வீடன்காரர்கள் விட்டது அதைத்தான். எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு முறை ஊதும் பரிசோதனை, முடிந்தவர்களுக்கு வாயு கடக்கும் பரிசோதனை. சி.டி. ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டாம், அது வீண் கதிர்வீச்சு, வீண் செலவு.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் நெஞ்சக மருத்துவர்கள் யாரும் ஆய்வு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஓ.பி.யில் புகையிலைக் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போட அரசாணை தேவையில்லை, ரப்பர் ஸ்டாம்ப் போதும். யாராவது தொடங்குவதாக இருந்தால், இளைய டெக்னீஷியன்களுக்கு ஊதவைக்கவும் கேட்கவும் சொல்லித்தர நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை நேரம் மட்டும். மதியத்தில் பேரன் பள்ளியிலிருந்து வந்துவிடுவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுரையீரல் பரிசோதனை டெக்னீஷியன்,
அயனாவரம், சென்னை.

(பெயரை வெளியிட வேண்டாம். என்னிடம் 'க' போட்டுக்கொண்டவர்கள் இன்னும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள்.)